அம்புக்குறி போட்டு எழுப்பப்பட்டவர்

அகிலேயாஸ் தன் வேலையைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்வதில்லை, 'மாடல்' என்பான். மாடல் முடிவு செய்யும், மாடல் அனுமதிக்காது, மாடலைக் கேட்டுப் பார். அவர்கள் இருந்த கிரேக்க நகரமான தெசலோனிகியில் பேராயர்கள்கூட இவ்வளவு அடக்கமாகக் கர்வப்படுவதில்லை.

அவன் கம்பெனியில் கொண்டுவந்திருந்த முறை இதுதான். வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வார். அகிலேயாஸ் அதைக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைவான். அந்தப் படம்தான் மாடல். பட்டனைத் தட்டினால் படத்திலிருந்து நிரல் தானாகப் பிறக்கும். அந்த நிரல் சரியா என்று பார்க்கும் சோதனைகளும் அதே படத்திலிருந்துதான் பிறக்கும். பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாளைத் தயாரித்து, விடைத்தாளையும் திருத்திக்கொள்கிற ஏற்பாடு. யாரும் தோற்றதாகச் சரித்திரமில்லை.

அதனால் ஸ்மாரோவுக்கு ஆபத்து. கம்பெனியில் கையால் சோதித்துப் பார்க்கும் கடைசி ஆள் அவள்தான். இன்றைய செயல்விளக்கத்தில் எல்லாச் சோதனைகளும் தேறி, திரை முழுப் பச்சையாகி, நகராட்சி ஏற்றுக்கொண்டால் சோதனைப் பிரிவை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் இந்த வேலையைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கம்பெனி தேடுவது, ஆகஸ்ட் மாதம் கடற்கரையில் கம்பளி விற்பது மாதிரி.

செய்திருந்தது நகராட்சிக் கல்லறைக்கான மென்பொருள். விண்ணப்பதாரர், இடம் ஒதுக்கப்பட்டவர், அடக்கம் செய்யப்பட்டவர் என்று மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தைச் சுற்றித் தடியாக ஒரு இரட்டை வட்டம், முடிந்தது என்று அர்த்தம். காலையில் படத்தைப் பார்த்ததுமே ஸ்மாரோ அவனிடம் போனாள்.

"உள்ள போனவங்க வெளிய வர வழியே இல்லையே, அகிலேயாஸ்?"

"செத்தவன் எங்கம்மா போவான்?"

"நம்ம ஊர்க் கல்லறையில இடம் ஏது? மூணு வருஷத்துல தோண்டி எடுத்து, எலும்பைப் பெட்டியில வெச்சுட்டு, இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுக்கணுமே! உங்க மாமாவையே மே மாசம் எடுத்தீங்க. லீவு போட்டுட்டுப் போனியே!"

"அது என் மாமா. ரெக்வயர்மெண்ட்ல மாமா கிடையாது."

"நகராட்சிக்காரங்கள கேட்டியா?"

"கடைசியில என்ன ஆகும்னு கேட்டேன். புதைச்சிடுவோம்னாங்க. எழுதிக்கிட்டேன்."

"அவரு எலும்பை ஒயின் ஊத்திக் கழுவுனது நீதான?"

"நான் கழுவுனேன். மாடல் கழுவல." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேலை போயிடும்னு பயம் உனக்கு. அதான் குத்தம் தேடுற."

பயம் இருந்தது உண்மைதான். அதற்காகக் கல்லறை நிரம்பாமலா இருக்கும்?

பதினொரு மணிக்குத் துணை மேயர் வர்வாரா வந்தார். கறுப்புக் கண்ணாடி தலைமேல், ஐஸ் காப்பி கையில். திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் ஓடின. அகிலேயாஸ் மாடலின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்த ஸ்மாரோ கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் ஒப்பந்தம் போகும், எல்லோரும் போவார்கள். திறக்காவிட்டால் அவள் மட்டும் போவாள். தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவது கலகலப்பு.

"மேடம், மூணு வருஷம் முடிஞ்ச ஒருத்தர் பேரு சொல்லுங்க. போட்டுப் பாக்கலாம்" என்றாள்.

"எங்க மாமனாரையே போடு, கண்ணு. ஸ்டெர்ஜியோஸ். இந்த மாசம் தோண்டணும்."

போட்டார்கள். ஸ்டெர்ஜியோஸ் உள்ளே இருந்தார். வெளியே எடுக்கப் பட்டனே இல்லை.

அகிலேயாஸ் அசரவில்லை. "இதுதான் மேடம் மாடலோட அழகு! ஒரே ஒரு அம்பு. நிரல், சோதனை, எல்லாம் தானா மாறிக்கும்." இரட்டை வட்டத்திலிருந்து ஒரு அம்பை இழுத்தான். அதைக் கொண்டுபோய் முட்டவைக்கப் புதுக் கட்டம் வரைய நேரமில்லை. கைக்கு எட்டிய முதல் கட்டமான 'விண்ணப்பதாரர்' மேல் குத்தி, பட்டனைத் தட்டினான். எல்லாம் மறுபடி பச்சை.

மாமனாரின் பதிவில் தொடர்பு எண்ணாக இருந்த வர்வாராவின் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"'அன்புள்ள ஸ்டெர்ஜியோஸ், தங்கள் புதிய விண்ணப்பத்துக்கு நன்றி. தங்களுக்குப் பிடித்த இடத்தை நேரில் வந்து தேர்வு செய்யவும்.'"



"உயிர்த்தெழுதல் ஈஸ்டருக்கு ஒரு தடவை போதும் கண்ணு. அதுக்கே பட்டாசு செலவு தாங்கல" என்றார் வர்வாரா. "அதுவும் இந்த மனுஷனா! அவரு போனப்புறம்தான் எங்க வீட்டுல நான் உக்காந்து காப்பி குடிக்கிறேன்."

"ஆனா டெஸ்ட் எல்லாம் பச்சை, மேடம்..."

"அதான் பயமா இருக்கு. மனுஷங்க யாராவது இதைப் பாத்தீங்களா, இல்லையா?"

"ஸ்மாரோ பாத்தாங்க" என்றான் அகிலேயாஸ், மின்னல் வேகத்தில்.

'காலையிலேயே சொன்னேன்' என்று ஸ்மாரோ போட்டு உடைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தோண்டும்போது உடம்பு மக்காம இருந்தா என்ன பண்ணுவீங்க, மேடம்?"

"திரும்பப் புதைப்போம். மண்ணு சரியில்லைன்னா அடிக்கடி நடக்கும்."

"குடும்பத்துல யாரும் வரலைன்னா?"

"அது பெரிய கதை."

"ரெண்டு பிள்ளைங்க, எலும்புப் பெட்டி எனக்குத்தான்னு சண்டை போட்டா?"

வர்வாரா காப்பியைக் கீழே வைத்தார். "உனக்கு யார் சொன்னா? போன வாரம் போலீஸ் வந்துச்சு! இரு, முதல்லேருந்து சொல்றேன். இதெல்லாம் சரியா வந்து, நீ பாத்துட்டேன்னு சொன்னாதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அகிலேயாஸ் வரைய ஆரம்பித்தான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கட்டங்கள் திரையை விட்டு வழிந்தன. சோதனைப் பிரிவை மூடுவதைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அவன் மெல்லக் குனிந்து ஸ்மாரோவின் காதில் கேட்டான்.

"இது எப்பதான் முடியும்?"

"ஊர்ல சாவு நின்னா."