சிவசம்பு கறுத்த மூன்று நாள்

பிரிக்பீல்ட்ஸ் பெரியோர் மன்றத்தின் தலைவர் சிவசம்பு, ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும். கோப்புகள் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தம் படத்தை மன்றச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழியவும் எழுந்தபோது செயலாளர் அந்தோனிப்பிள்ளை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைச் சிவசம்பு மறக்கவில்லை.

வரைய வந்தவள் தங்கமணி. கேரி தீவுக்காரி, ஓவியக் கல்லூரியில் கடைசி ஆண்டு. எதிரே உட்கார்ந்த ஒருவரை வரைந்து, 'நான்தான் உட்கார்ந்தேன்' என்று அவரிடமே கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமை கொடுத்தால்தான் தேர்வில் தேற முடியும். எண்ணெய் வண்ணம் காய வாரக்கணக்காகும். ஆகவே அதுவரை தொட்டுப் பார்க்காத அக்ரிலிக் வண்ணத்தை வாங்கினாள். தண்ணீரில் கரையும், கால்மணி நேரத்தில் காயும் என்று கடைக்காரர் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை.

செவ்வாய் மாலை, அன்றைய பூச்சு முடிந்த கையோடு படத்தைப் பார்த்துத் திருப்தியாகப் போன சிவசம்பு, புதன் காலை வந்ததும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பிள்ளை, நேற்று நான் இவ்வளவு கறுப்பில்லையே?"

"அதே கலர்தான் அங்கிள்."

"என்ர முகம் எனக்குத் தெரியாதோ? ஆரோ உள்ளுக்க வந்திருக்கினம்."

ஆரோ என்றால் அந்தோனிப்பிள்ளை. மன்றத்தின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. அன்று மாலை புறப்படும் நேரத்தில் தங்கமணி கன்னத்துக்கு மேல் இன்னொரு பூச்சு போட்டாள். சிவசம்பு மறுபடி வெளுத்தார். புதுப் பூட்டு ஒன்று வாங்கிவந்து, படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வியாழன் காலை திறந்தால், பூட்டி வைத்தவரைவிடக் கறுத்த ஒருவர் உள்ளேயிருந்து பார்த்தார்.

அந்தோனிப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "என்ன தலைவர், பீரோவுக்குள்ள வெயிலோ?"

"களவெடுத்தவன் கட்டாயம் திரும்பி வந்து பாப்பானாம்," என்றார் சிவசம்பு, சுவரைப் பார்த்து. அந்தோனிப்பிள்ளை போனதும் தங்கமணியிடம் திரும்பினார். "ஆள் பிடிபடும் வரைக்கும் கையெழுத்துப் போடமாட்டன். உன்னிலயும் எனக்குச் சந்தேகம்தான்."

"என் படத்த நானே ஏன் லா அங்கிள் கெடுக்கப் போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆனாலும் தங்கமணியால் அவர் கண்களை விட்டுப் பார்வையை எடுக்க முடியவில்லை. இரண்டு நாளாக அவர் காட்டிய முகம், பூமாலைக்குக் கழுத்தை நீட்டும் முகம். அதை எவ்வளவு ஒழுங்காக வரைந்தும் படத்தில் ஆளே இல்லை. இப்போதோ ஒரு கண் சுருங்கி அவளை விசாரிக்க, மறு கண் கதவைக் காவல் காக்க, முதல் தடவையாக எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவசர அவசரமாகக் கண்களை மாற்றி வரைந்தாள்.

கன்னத்துக்கு வண்ணம் கலந்தபோதுதான் கவனித்தாள். வண்ணம் கலக்கும் பிஸ்கட் டின் மூடியில் முந்தின நாள் கலந்து காய்ந்திருந்த சொட்டு, இப்போது கலந்த அதே வண்ணத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

"அங்கிள், இங்க வாங்க. கன்னத்துல ஒரு சொட்டு வைக்கிறேன். கண்ண எடுக்காம பாருங்க."

சிவசம்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, பதினைந்து நிமிடம் தம் கன்னத்தைக் காவல் காத்தார். எவரும் தொடாமல் அந்தச் சொட்டு அவர் கண்ணெதிரே கறுத்தது.

"அப்ப அந்தோனிப்பிள்ளை ஒண்டும் செய்யேல்லையோ?" குரலில் நிம்மதி இல்லை, எதையோ பறிகொடுத்த குரல்.

"காஞ்சா கறுக்குது, அவ்ளோதான். கொஞ்சம் வெளுப்பா கலந்தா சரியா வந்துரும்."

"ஆரோ படத்தைக் கெடுக்கினம் எண்டு கமிட்டிக்கு முழுக்க நான் சொல்லிப்போட்டன். மினிட்ஸ் புத்தகத்தில ஏறிட்டுது." படத்தை நெருங்கிப் பார்த்தார். "கண்ணில என்ன இது, கள்ளனைத் தேடுற பார்வை? மாத்து."

"மாத்தலாம் அங்கிள். பெயிண்டு விஷயத்தையும் அந்தோனிப்பிள்ளை அங்கிள்கிட்ட சொல்லிடலாம்."

சிவசம்பு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, கைநீட்டிக் கையெழுத்துத் தாளை வாங்கினார்.

வாசலில் அந்தோனிப்பிள்ளை வந்து நின்றார். "ஆள் அகப்பட்டானோ, தலைவர்?"

"விசாரணை நடக்குது," என்று சொல்லிக்கொண்டே சிவசம்பு கையெழுத்துப் போட்டார்.