நான் பிடுங்கிய பிளக்

1
இந்தக் கதை பிறந்தபோது என் கைபேசியில் நான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது. தாம்பரத்தில் ஒரு கல்லூரி. இயற்பியல் பேராசிரியர் அபிதகுஜாம்பாளைப் பேட்டி எடுக்க அவர் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். பிளக் பாயிண்ட் எதுவும் காலியாக இல்லை. கைக்கு எட்டியதைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் செருகினேன்.

பிடுங்கியது, பச்சிளம் குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவி. சோதனையில் ஒரு வாரம் நிற்காமல் ஓடினால்தான் மேடவாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி அதை வார்டுக்குள் விடும். அதற்கு இன்னும் ஒரே நாள் பாக்கி.

2
நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "தாம்பரத்தில் மின்வெட்டு என்பது—"
(அன்று கரண்ட் போகவே இல்லை. போயிருக்கக் கூடாதா?)

இரண்டாவது: "பெண்களை அறிவியலுக்குக் கைப்பிடித்து அழைத்துவந்த அந்தத் தாயுள்ளம்—"
(படித்தால் பேராசிரியர் என்னைச் சுவரில் செருகிவிடுவார்.)

* கருவியை உருவாக்கியவர் பேராசிரியர். வாரம் முழுக்க அதைக் காவல் காத்தவள் அவருடைய எம்.எஸ்ஸி. மாணவி சபீஹா. என் வரைவில் அவள் 'ஒரு மாணவி'. கண்கள் வேறு கலங்கும். நிஜத்தில் கலங்கவில்லை. என் சார்ஜரைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் கொடுத்தாள்.

3
முடிவு அ: கருவி ஜெயிக்கிறது. குழந்தை சிரிக்கிறது. (எந்தக் குழந்தை?)

முடிவு ஆ: பேராசிரியர் என்னை மன்னிக்கிறார். இது நடந்தது. "பரவால்ல சார், லேபிள் ஒட்டாதது எங்க தப்பு" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். வெட்கம் காலையில்தான் வந்தது, வந்தது போகவில்லை.

4
வரைவை அனுப்பினேன். பேராசிரியர் போன் செய்தார்.

"என்னைப் பத்தி இவ்ளோ எழுதிருக்கீங்க. சபீஹாவுக்கு ஒரு டயலாக்கூட இல்லயே, சார்?"

"அவங்க எதுவும் பேசல, மேடம்."

"நீங்க கேட்டீங்களா?"

5
கேட்டேன். ஓட்டம் நடுவில் நின்றதால் ஆஸ்பத்திரி அடுத்த தேதியை ஜூனுக்குத் தள்ளிவிட்டதாம். அதற்குள் சபீஹாவின் படிப்பு முடிந்துவிடும். டாக்டர்கள் முன்னால் கருவியை ஓட்டிக்காட்டப் போவது அடுத்த வருட மாணவி. கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து, பஸ் நேரம் சொல்வதுபோல இதைப் போனில் சொன்னாள்.

(இங்கே இன்னொரு உவமையும் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

"பரவாயில்லயாம்மா?" என்றேன். மேடம் சொன்னதையே இவளும் சொல்லிவிட்டால் கதையை அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன், வாசகரே.

"இல்ல சார்," என்றாள். "அந்த வார்டுல நான் நின்னிருக்கணும்."