ஏழு தட்டி

கடற்கரை மணல் வீட்டுக்குள் வருகிறதென்று தச்சர் வாசலுக்கு முன்னால் மூங்கில் தட்டி கட்டினார். தட்டியில் முட்டிய காற்று வேகம் குறைந்து, சுமந்துவந்த மணலை அங்கேயே கொட்டியது. தட்டி புதைந்தது. விடுவாரா மனிதர்? அதன் தலைமேலேயே இன்னொன்று கட்டினார். ஏழு வருடத்தில் ஏழு தட்டி. மேடு கூரை உயரத்துக்கு வளர்ந்து, மெல்ல நகர்ந்து வாசலையே அடைத்துக்கொண்டது.

இன்று காலை மனைவி தோளைக் கொடுத்துத் தள்ளியும் கதவு அசையவில்லை.

"நீங்கதான் மணலைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க! தட்டி இல்லாட்டி அது பாட்டுக்குப் பரவிப் போயிருக்கும்."

தச்சர் ரம்பத்தை எடுத்தார். சமையலறை ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே குதித்தார். ஒருவழியாகப் புத்தி வந்ததே, மண்வெட்டி எடுக்கப் போகிறார் என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

"அந்தச் சுத்தியலைக் கொடு. இந்தப் பக்கமும் ஒரு தட்டி கட்டிடுறேன்."