மஞ்சள் பையும் சமூகதிலகமும்

சகலருக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில்: வத்தேகம ஹார்ட்வெயார் கடை முதலாளியும் சமாதான நீதவானுமாகிய சமூகதிலகம் பெரியதம்பி அவர்கள், தமது பிறந்தநாளை முன்னிட்டு ஜனவரிதோறும் இரத்ததான முகாம் நடத்தி மனித குலத்தைக் காப்பாற்றி வருகிறார்.

இவ்வாண்டும் காப்பாற்றினார். பதாகையில் அவருடைய படம் மண்டபக் கதவைவிடப் பெரிதாக இருந்தது. நாடாவை வெட்டினார், கேக்கை வெட்டினார். இரத்தம் எடுக்கும் கட்டில் பக்கம் மட்டும் போகவில்லை. தலைவருக்கு வேலை அதிகம்.

ஆகஸ்டில், காப்பாற்றப்பட வேண்டிய மனித குலம் அவருடைய மகள் கலாராணியின் உருவில் வந்தது. இரத்தப் புற்றுநோய். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து, நோயோடு சேர்த்து, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் கொன்றுவிட்டது. ஈறில் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. உடனே தட்டணு ஏற்ற வேண்டும். இரத்த வங்கியில் கையிருப்பு இல்லை. கண்டிப் பெரஹரா ஊர்வல வாரம். வீதிகளை மூடியிருந்ததால் முகாம்களும் நடக்கவில்லை.

"கையிருப்பு இல்லையா? ஜனவரியில மண்டபம் நெறைய ஆளுங்கள படுக்க வச்சேனே மிஸ்ஸி! அந்த ரத்தமெல்லாம் எங்க போச்சு?"

"கத்த வாணாம் ஐயா. சத்தத்துக்குத் தட்டணு வராது" என்றாள் தாதி ஜஹானா.

கலாராணி வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, ஒருத்தர் குடுக்குற ரத்தத்த மூணாப் பிரிப்பாங்க. செவப்பணு ஃப்ரிட்ஜுல ஒரு மாசத்துக்கு மேல தாங்கும். பிளாஸ்மாவ ஐஸா ஒறைய வச்சா ஒரு வருசம். தட்டணு அஞ்சே நாளு. ஒங்க பொறந்தநாளு தட்டணு, கேக்கு முடியிறதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும்."

பெரியதம்பி ஜன்னலோரம் நின்று துணியில் பரவும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் எங்கிருந்தோ ஒரு பை வந்தது. மஞ்சள் நிறம். பெரியதம்பி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இது என்னா மஞ்சத்தண்ணி? செவப்ப எவன் உறிஞ்சினது?"

"கடையில பெயின்ட் பாக்குற மாதிரி பாக்காதீங்க" என்றாள் மனைவி பாலம்மா.

"தட்டணு மஞ்சதான் ஐயா. செவப்பு வேற நோயாளிக்குப் போயிரிக்கும்" என்றாள் ஜஹானா.

"யாரு குடுத்தது? நம்ம ஆளா?"

"ஒங்கட மகளுக்குக் குடுத்திரிக்காங்க. பொறகு நம்ம ஆளுதானே?"

பை மெல்ல வற்றியது. மாலைக்குள் கசிவு நின்றது. கலாராணி சுத்தமான தலையணையில் உறங்கினாள். வெளியே பெரஹரா மேளம் தொடங்கியிருந்தது.

"பாலம்மா, ரத்தத்துக்குப் பொறந்தநாளு தெரியாது" என்றார் பெரியதம்பி. "நோயாளிக்கு எல்லா வாரமும் வேணும். வருசத்துக்கு ஒருக்கா கூத்துக் காட்டிட்டு ஓஞ்சிறக் கூடாது. யாராவது வந்து குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"யாராவதா?"

அவர் சட்டைக் கையை மடித்தார். இரத்த வங்கிக் கட்டிலில் வியர்த்தபடி படுத்து, தம் பையில் சமூகதிலகம், சமாதான நீதவான் என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

பையில் ஓர் இலக்கத்தை மட்டும் ஒட்டினார்கள்.