பதினாலு அடியில் ஒன்று

பழைய பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதை வெர்லினே ஒப்புக்கொள்வார், கேட்கிற ஆள் கொரீனாக இல்லாவிட்டால்.

மனைவி கேட்டால் மட்டும் ஒரு காரணம் வேண்டும். ஒரு வருஷம் பாட்டரி நிற்கவில்லை என்றார். அடுத்த வருஷம் குளிரில் திரை மங்குகிறது என்றார். அதற்கடுத்த வருஷம் அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொரீன் முந்திக்கொண்டாள்.

"ஆசையா இருக்கு, வாங்கறேன்னு சொல்லிட்டுப் போங்களேன். பாவம், அந்த பாட்டரி மேல எதுக்குப் பழி?"

அதோடு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். நவம்பரில் ஏரி உறைய ஆரம்பிக்கும். வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்காரும். மினசோட்டா குளிர்காலத்தில் இரண்டுமே தப்பாது.

அட்டைப்பெட்டிக்குள் இருப்பது மீன்காட்டி. உறைந்த ஏரியில் துளை போட்டு, அதன் வழியாக வயரில் ஒரு குமிழை இறக்கினால், அடியில் நடமாடுவதையெல்லாம் திரையில் காட்டும். ஏரிக்குப் போகிறவர்கள் சுருக்கமாகப் 'பெட்டி' என்பார்கள். வெர்லினின் முதல் பெட்டியில் மீன் ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு கோட்டுக்கு நிறம் வந்தது. பிறகு கோடு தடித்தது. இந்த வருஷத்துப் பெட்டியில் மீன் வாலை ஆட்டுவதே தெரிந்தது.

அதனால் கூடுதலாக மீன் பிடித்தாரா என்றால், இல்லை. கொரீனுக்கு மீன் வாடை ஆகாது. பிடித்ததில் முக்கால்வாசியைத் துளையிலேயே திருப்பி விட்டுவிடுவார். முப்பத்தொரு வருஷம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். திரை மேல் ஒட்டியிருக்கிற மெல்லிய தாளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தெடுக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் வருஷம் பூராவும் காத்திருந்தார்.

பழைய பெட்டி டுவேனுக்குப் போய்விடும். டுவேன் கொரீனின் தம்பி, ஐம்பத்திரண்டு வயது, காகித ஆலையில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெர்லின் ஏரி மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது பக்கத்தில் யாருமில்லை. தற்செயலாக அந்த வழியே வந்த யாரோ தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று கொரீன் போட்ட சட்டம்: தனியாக ஏரிக்குப் போகக் கூடாது.

சட்டம் போட்ட அடுத்த வாரமே டுவேன் வீட்டுக்கு வந்து, "மச்சான், எனக்கும் இந்த மீன் வித்தையைக் கத்துக்குடுங்களேன்" என்று கேட்டதை வெர்லின் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். முன்பு கூட வந்துகொண்டிருந்த மூன்று நண்பர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருவனுக்கு முட்டிவலி, ஒருவனுக்குப் பேரப்பிள்ளைகள், ஒருவன் காரணமே சொல்லவில்லை. டுவேன் மட்டும் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. தானாக ஆசைப்பட்டு வருகிற ஒரே ஆள்.

அவன் மேல் ஒரேயொரு மனத்தாங்கல் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டுவேனின் மனைவி மார்லா அவனை விட்டுப் போய்விட்டாள். அந்தச் செய்தி வெர்லினுக்குக் கொரீன் வாயிலிருந்துதான் கிடைத்தது, அதுவும் ஈஸ்டர் விருந்துக்கு எத்தனை தட்டு வைப்பது என்ற பேச்சில். வாராவாரம் எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவன், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. இந்த ஜனவரியில் அவர் மனசில் வேறு திட்டம் இருந்தது. பிப்ரவரியில் கனடா எல்லைப் பக்கம் இருக்கிற பெரிய ஏரியில் ஒரு வாரம். தங்குவதற்கு மரவீடு பேசி வைத்தாகிவிட்டது. "டுவேன் வந்தா போங்க. இல்லேன்னா அந்தப் பேச்சே வேணாம்" என்றிருந்தாள் கொரீன். இந்தச் சனிக்கிழமை அவனிடம் கேட்டுவிட வேண்டும்.

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஏரி நடுவில் கூடாரத்தை விரித்து, எட்டடி இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டு, கேஸ் ஹீட்டரை ஏற்றினார்கள். ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"போன வருஷப் பெட்டி எப்படி மாப்ள இருக்கு?"

"அட்டகாசம் மச்சான். கண்ணாடி மாதிரி."

"அதுக்கே இப்படின்னா இதைப் பாரு. வால் தெரியுதா? வாலு!"

"வாலேதான்."

"பேசாம கூடாரத்துல சினிமா தியேட்டர்னு போர்டு மாட்டிடலாம்."

"மாட்டுங்க. டிக்கெட் கிழிக்கத்தான் நான் இருக்கேனே."

வெர்லின் கடகடவென்று சிரித்தார். புதுப் பெட்டியில் இன்னொரு விசேஷம் இருந்தது. குமிழைத் தாங்கியிருக்கிற கம்பியைத் திருப்பினால், நேர் கீழே மட்டுமல்ல, சுற்றி எந்தப் பக்கமும் பார்க்கலாம். தன் தூண்டிலைப் பார்த்தார். இருபத்தெட்டு அடியில் பளிச்சென்று ஒரு புள்ளி. அடுத்து டுவேனின் தூண்டில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, கம்பியை அவன் பக்கம் திருப்பினார்.

ஒன்றுமில்லை.

திரும்பத் தன் பக்கம் கொண்டுவந்தார். புள்ளி இருந்தது. டுவேன் பக்கம் திருப்பினார். தண்ணீர், தண்ணீர், அடியில் சேறு. வாங்கிப் பத்து வாரம் ஆகவில்லை, அதற்குள் கோளாறா? எதற்கும் டுவேன் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று எழுந்து, குனிந்தபடி அவன் பின்னால் போய் நின்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் போனது அதுதான் முதல் தடவை.

டுவேனின் திரையில் ஆழம் அறுபத்திரண்டு அடி என்று போட்டிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏரியின் ஆழம் முப்பத்தொன்று. இடது ஓரத்திலிருந்து பெரிய மீன் ஒன்று வந்து, நிதானமாகக் குறுக்கே போய், வலது ஓரத்தில் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே மீன், அதே இடத்திலிருந்து, அதே நிதானத்தோடு வந்தது. திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

வெர்லினின் பார்வை பெட்டியின் பைக்கு இறங்கியது. தண்ணீரில் இருக்க வேண்டிய குமிழ் அதற்குள் காய்ந்து கிடந்தது. நவம்பரில் அவர் சுற்றிக் கொடுத்த மஞ்சள் ரப்பர் பாண்டு அப்படியே இருந்தது. தூண்டில் நூலின் நுனி துளையில் ஒரு சாண் கீழே இறங்கி, பனியோடு சேர்ந்து உறைந்திருந்தது.

"மாப்ள, இது டெமோ."

டுவேன் திரும்பவில்லை. "ஆமா மச்சான்."

"கடையில கண்ணாடிக்குப் பின்னாடி ஓடவிடுவானே, அந்த டெமோ."

"தெரியும். நான்தானே போட்டேன்."

"எத்தனை நாளா?"

"இந்தப் பெட்டியிலயா, மொத்தமாவா?"

டுவேன் கையுறையால் திரையின் பனியைத் துடைத்தான்.

"முதல் ரெண்டு வருஷம் நெசமாவே கத்துக்கப் பார்த்தேன். நீங்க சொல்லித்தர ஆரம்பிப்பீங்க, பாதியில உங்க பெட்டியில ஏதாவது வந்துரும். அப்புறம்தான் இதைக் கண்டுபிடிச்சேன். நல்ல மீனு. நாப்பது செகண்டுக்கு ஒருதரம் வரும். ஆலையில சூப்பர்வைசர்கூட அவ்வளவு நேரம் தவறாம வரமாட்டான்."

"நீ சிரிக்காதே. அப்ப எதுக்குடா வர்றே?"

"அக்கா சொன்னா."

"என்னன்னு?"

"ஆஸ்பத்திரியில நீங்க கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா. 'அந்த மனுஷனை வீட்டுல கட்டிப்போட முடியாது. நீ கூடப் போய் உக்காரு. விழுந்தா தூக்கு. நான் அனுப்பினேன்னு மட்டும் காட்டிக்காதே.'"

"நீயா வந்து கேட்டியேடா. மீன் வித்தை கத்துக்குடுங்கன்னு."

"அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்த வசனம்தான் மச்சான்."

வெர்லின் தன் வாளிக்குத் திரும்பி வந்து, கம்பியைப் பழையபடி தன் தூண்டில் பக்கம் திருப்பினார். முகம் சுட்டது. ஹீட்டர் அவ்வளவு சூடு கொடுக்காது.

"ஆறு வருஷமா என் கண்ணு முன்னாடி நடிச்சிருக்கே."

"கண்ணு முன்னாடியா?" டுவேன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "நீங்க எங்க பார்த்தீங்க? மூலையில டெமோன்னு எழுதியே இருக்கு. நான் ஒரு நாளும் மறைக்கலையே. நான் இங்க உக்காந்தபடியே விறைச்சுப் போயிருந்தாலும், மீன் வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது, மாப்ள நல்லா இருக்கான்னு நினைச்சிருப்பீங்க."

"பேச வந்துட்டான் பாரு! பொண்டாட்டி விட்டுட்டுப் போனதைக்கூட எங்கிட்ட சொல்லாதவன்தானே நீ. கொரீன் சொல்லித்தானே எனக்கே தெரியும்."

சொல்லி முடித்ததும், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. டுவேன் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காப்பி ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டான்.

"சொன்னேன் மச்சான்."

"எப்போ?"

"அவ போனது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை இங்க வந்து சொன்னேன். உங்களுக்குத்தான் முதல்ல. அக்காகிட்டகூட அப்ப சொல்லலை. இதே வாளியில உக்காந்து, 'மச்சான், மார்லா போயிட்டா'ன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஷ்ஷ்... பதினாலு அடியில ஒண்ணு மேல வருது'ன்னீங்க."

வெர்லினுக்கு அந்த மீன் நினைவுக்கு வந்தது. இருபத்தெட்டு அங்குலம். அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரியது. எட்டு நிமிஷம் இழுத்தது. வந்தபோது அதன் கீழ்த்தாடையில் யாருடைய தூண்டிலோ அறுத்துப்போன பழைய தழும்பு இருந்தது. எல்லாம் நினைவிருந்தது. டுவேனின் குரலை மட்டும் எவ்வளவு தேடியும் அதில் காணோம்.

"உங்க சமையல்கட்டுச் சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கீங்களே, அந்த மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு" என்றான் டுவேன். "அதை எடுத்தது நான்தான். 'சரியா விழுந்துச்சா, இன்னொண்ணு எடு'ன்னு மூணு தடவை எடுக்கச் சொன்னீங்க."

காற்று கூடாரத்தை உப்பவைத்துவிட்டு அடங்கியது.

"பிப்ரவரிக்கு வர்றேன்" என்றான் டுவேன், காப்பியைப் பார்த்துக்கொண்டே. "ஆலையில லீவு போட்டாச்சு. அக்கா போன வாரமே சொல்லிட்டா."

காலையிலிருந்து வெர்லின் கேட்கக் காத்திருந்த பதில் அது. கேட்காமலே வந்துவிட்டது.

"அக்காவுக்காக வர வேணாம் மாப்ள."

"வேற யாருக்காக வரணும்?"

கேலி இல்லை அந்தக் கேள்வியில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவனைப் போலக் கேட்டான். வெர்லின் வாளியைத் தரதரவென்று இழுத்து, தன் பெட்டி பக்கவாட்டில் போகும்படி, டுவேனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு கிட்டத்தில் பார்த்தால் டுவேனின் தாடியில் பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

"இப்பச் சொல்லு. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"விடுங்க மச்சான். ரெண்டு வருஷமாச்சு."

"சொல்லு. நான் கேக்கறேன்."

டுவேன் காப்பி மூடியைப் பனிமேல் வைத்தான்.

"நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சு அப்பத்தான் வந்திருந்தேன். அவ வாசல்ல காரை ஓடவிட்டுட்டு உள்ள வந்தா. இஞ்சின் சூடாகட்டும்னு விட்டிருக்கா போலன்னு நினைச்சேன். பின்சீட்டுல துணிப்பெட்டி இருந்தது எனக்குத் தெரியாது. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். குழாயை மூடச் சொன்னா. மூடினேன்."

வெர்லின் தலையாட்டினார்.

"கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு ஒண்ணு சொன்னா மச்சான். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. அக்காகிட்டயும் சொல்லலை. ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. அவ என்ன சொன்னான்னா..."

அவன் எச்சிலை விழுங்கினான். அதற்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. வெர்லினின் இடது கண்ணோரத்தில் ஏதோ அசைந்தது. இருட்டான திரையில், அடியிலிருந்து தடிமனாக, நீளமாக ஒன்று அவருடைய தூண்டிலைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைத் திருப்பவில்லை. அதை அவர் சத்தியம் செய்துகூடச் சொல்வார். கண் மட்டும் போய்விட்டு வந்தது.

வந்தபோது டுவேன் பேச்சை நிறுத்தியிருந்தான். கோபமில்லை அவன் முகத்தில். மூடியை எடுத்து, ஆறிப்போன காப்பியைத் துளைக்குள் ஊற்றினான்.

"எத்தனை அடியில மச்சான்?" என்று கேட்டான், எப்போதும் கேட்கிற குரலில்.

"பதினாலு" என்றார் வெர்லின்.