நான்காவது உடைப்பு

"மைக்ல உதடு பட்டா சுருக்குனு இழுக்குது, பாபுண்ணே," என்றாள் ரியா.

"மழை பேஞ்சிருக்குல்ல, அப்படித்தான் இழுக்கும்," என்றார் சவுண்ட் செட் பாபு. "செருப்பு போட்டுகினு பாடு. ஒண்ணும் ஆவாது."

"செருப்பு போட்டா ஆட்டம் வராதுண்ணே."

அவள் கணுக்கால்களில் மாட்டு மணிகளைக் கட்டியிருந்தாள். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கூவிக் கூப்பிடுவார்களாம். அடிக்குரலில் கிளம்பும் கூவல், சட்டென்று உடைந்து உச்சிக்குத் தாவும். அதை ரியா போனில் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணன் ஜோஸ், தோளில் மாட்டித் துருத்திபோல் இழுத்து வாசிக்கும் அக்கார்டியன். பூந்தமல்லி முஸ்தகீம் டிரம்ஸ். தடதடவென்று ஓடும் பங்க் ராக் அடியைத் தவிர வேறெதையும் அடிக்க மாட்டான். மூவரும் சேர்ந்தால் 'ஏரிக்கரை ஆல்ப்ஸ்' இசைக்குழு.

அவர்களுக்குள் ஒரே ஒரு விதி. ரியாவின் குரல் உடைந்தால் மற்ற இருவரும் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு மூன்று உடைப்பு.

அன்று பருத்திப்பட்டில் குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. மாலை ஐந்தரை மணி. இரும்புத் தகடு போட்ட மேடை இன்னும் காயவில்லை.

முஸ்தகீம் பகலில் வயரிங் வேலை பார்ப்பவன். "எர்த் எங்கண்ணே குடுத்துகீறீங்க?" என்று கேட்டான்.

பாபு மேடைக்குப் பின்னால் கையைக் காட்டினார். மண்ணில் ஆழமாக இறங்காமல், சேற்றில் ஒரு கம்பி சாய்ந்து கிடந்தது.

"இது வேணாம், ஜோஸ். கொஞ்சம் லேட்டானாலும் பரவால்ல, சரி பண்ணிட்டு ஏறலாம்."

"மச்சான், நீ இங்க வயரிங் பண்ண வர்ல. குச்சிய எடு," என்றான் ஜோஸ். "கீழ முந்நூறு பேரு குந்திகினு கீறாங்க. இவன் டெஸ்டர் தேடுறான்."

ரியா சிரித்தாள். "ஷாக் அடிச்சா இடது கையத் தூக்குறேன். நிறுத்திடுங்க. போதுமா?"

"சரி," என்றான் முஸ்தகீம்.

முதல் பாட்டின் பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. கரண்ட் பிடித்த உடம்பு நினைத்தபடி அசையாது. தூக்கு என்றால் கை தூக்காது. இது அவனுக்குத் தொழிலின் முதல் நாளிலேயே தெரியும். தெரிந்தும் சரி என்று சொல்லியிருக்கிறான்.

நிறுத்திவிடலாமா? ஜோஸ் கூட்டத்தின் முன்னாலேயே கிண்டல் செய்வான். இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டான். முடிந்தது. ஜோஸ் இடைவெளி விடாமல் அடுத்ததை இழுத்தான்.

முதல் உடைப்பு. வேகம். இரண்டாவது, மூன்றாவது. கூட்டம் விசிலடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அவனுக்கு ரியாவின் முதுகு மட்டுமே தெரிந்தது.

நான்காவது முறை குரல் உடைந்தது.

ஜோஸ் உற்சாகமாக வேகத்தை ஏற்றினான். முஸ்தகீமின் கைகளும் பழக்கத்தில் ஏறின. குரல் உச்சியிலேயே நின்றது; இறங்கவில்லை. ரியாவின் குதிகால்கள் தரையைவிட்டு எழும்பி, அப்படியே விறைத்திருந்தன. மணிச் சத்தம் இல்லை.

அவன் டிரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடினான். கையிலிருந்த மரக்குச்சியால் அவள் விரல்களின் மேலேயே ஓங்கி அடித்தான். இரண்டாம் அடியில் மைக் தெறித்தது. அவள் சரிந்தாள். அப்போதும் ஜோஸ் வாசித்துக்கொண்டிருந்தான். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரியாவுக்குப் பேச்சு வர ஒரு மணி நேரமானது.

"நான் கத்துனேன்ணா," என்றாள் ஜோஸிடம். "கத்தக் கத்த நீங்க ரெண்டு பேரும் வேகமா அடிச்சீங்க."

ஜோஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முஸ்தகீம் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

நான்கு வாரம் கழித்து, அண்ணனூரில் ஜோஸ் வீட்டில் ஒத்திகை. மைக் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. ரியாவின் இரண்டு விரல்களில் இன்னும் கட்டு. குரல் உடைந்ததும் முஸ்தகீமின் குச்சிகள் நின்றன. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் நின்றன.

"இன்னா முஸ்தகீம்? ஷாக் அடிச்சது எனக்கு. நீ நடுங்குற."

"எனக்குத் தெரியும்," என்றான் அவன்.

"இன்னா தெரியும்?"

"கரண்ட் புடிச்சா கையத் தூக்க முடியாதுன்னு. மொதப் பாட்டுலயே ஞாபகம் வந்துச்சி. இவன் சிரிப்பானேன்னு அடிச்சிகினே இருந்தேன்."

ஜோஸ் அக்கார்டியனைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தான். ரியா தன் விரல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரம்ஸ முன்னாடி இழு," என்றாள் கடைசியில். "எனக்கு எதிர்ல போடு. இனிமே என் மூஞ்சியப் பாத்துகினுதான் அடிக்கணும்."

ஜோஸ் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தான். முஸ்தகீம் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்தாள். அந்தக் குரல் உடையப்போகும் நொடிக்காக, கண்ணைச் சிமிட்டவும் பயந்து அவன் காத்திருந்தான்.