டேங்க் காலிதானே?

கண் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன்பே போனை எடுத்து ஊர்ப் பணத்தின் மதிப்பைப் பார்ப்பது கேப்டனுக்கு வழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் பார்த்தார். அன்றைக்கும் இறங்கித்தான் இருந்தது. "நாசமாப் போக" என்று போனைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

கேப்டன் என்றதும் பெரிய கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, மனைவியோடு துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி வருகிறவர். கேப்டன் என்பது மனைவி வைத்த பெயர். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் கூடவே ஒரு 'சார்' ஒட்டிக்கொள்ளும். பென்ஷன் வருவது ஊர்ப் பணத்தில், செலவாவதோ வெளிநாட்டுப் பணத்தில். முன்பெல்லாம் மாதம் முழுக்கத் தாராளமாக ஓடிய பென்ஷன் இப்போது பாதி மாதத்திலேயே மூச்சு வாங்கியது. ஓட்டல் சாப்பாடு போச்சு. வாடகை கொடுத்துப் படகைத் துறையில் கட்டுவதும் போச்சு. எங்கே போனாலும் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டுக் கொண்டு எப்படியோ சமாளித்தார்கள்.

அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கப் படகைக் கரையேற்றியபோதுதான் தலையில் இடி விழுந்தது. பட்டறைக்காரர் ஈரம் பார்க்கிற கருவியைப் படகின் வயிற்றில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். இடப்பக்கம் ஓரிடத்தில் முள் எகிறியது. "படகோட சுவருக்குள்ள தண்ணி ஏறிடுச்சு சார். இவ்வளவையும் அறுத்தெடுத்து, காயவச்சு, புதுசாக் கட்டணும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேப்டன் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தார். கட்டுப்படியாகாது. ஊர்ப் பணத்தின் மதிப்பு விழாமல் இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருப்பார்.

"போதும்ப்பா, வீட்டுக்கு வந்துடுங்க. மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றாள் மகள். பக்கத்துப் படகுக்காரர், பணம் கல்லு மாதிரி நிற்கிற தேசத்துக்காரர், படகை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். கொடுக்கிறேன் என்று கேப்டனும் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் கையெழுத்து.

அதற்காக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஏணி வழியாக இறங்கி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று கிட்டே போனபோது, பக்கவாட்டுத் துளையிலிருந்து சோப்புத் தண்ணீர் பொளபொளவென்று அவர் தோளில் கொட்டியது.

"ஏய்! மேல என்ன பண்ற நீ?"

"துணி துவைக்கிறேன்" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. "அழுக்கு மூட்டையோட மக வீட்டுல போய் எறங்கச் சொல்றீங்களா?"

"இங்கதான் பக்கெட்டுக்கு இவ்வளவுன்னு தண்ணிக்குக் காசு வாங்குறானே!"

"அவன் தண்ணி யாருக்கு வேணும்? நம்ம டேங்க்ல இருக்கு."

கேப்டன் சட்டையைப் பிழிவதை நிறுத்தினார். "டேங்க்லயா? கரையேத்துறதுக்கு முன்னாடி நீ காலி பண்ணலையா?"

கனம் குறைய டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் படகைத் தூக்குவார்கள். எப்போதும் அது அவள் வேலை. அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

"பண்ணலை. போன தீவுல தண்ணி சும்மா கெடச்சுது. உங்க பணம் இருக்கிற லட்சணத்துக்கு, நல்ல தண்ணியக் கடல்ல கொட்ட மனசு வருமா? கழுத்து வரைக்கும் நெரப்பிக்கிட்டேன். சொன்னா கனம் கனம்னு குதிப்பீங்க."

பட்டறைக்காரர் கருவியை வைப்பதற்கு முன் "டேங்க் காலிதானே சார்?" என்று கேட்டதும், கடன் இல்லை என்று சொல்லிப் பழகிய அதே மேனேஜர் குரலில் தான் "அதெல்லாம் காலி" என்று அடித்துச் சொன்னதும் கேப்டனுக்கு ஞாபகம் வந்தது. டேங்க் ஒட்டிக்கொண்டிருப்பது இடப்பக்கம். முள் எகிறிய அதே இடத்தில்.

"கொட்டு! ஒரு சொட்டு விடாமக் கொட்டு!" என்று கத்திக்கொண்டே ஏணியில் தாவினார்.

டேங்கைக் காலி செய்து, உள்ளே துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பட்டறைக்காரரைக் கையோடு இழுத்து வந்தார்கள். அவர் அதே இடத்தில் கருவியை வைத்தார். முள் அசையவில்லை. தள்ளி வைத்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்தார். முள் படுத்தே கிடந்தது.

"அன்னைக்கு டேங்க் தண்ணியத்தான் சார் காட்டியிருக்கு. படகு கிண்ணுன்னு இருக்கு. கேட்டேனே, காலின்னீங்களே!" என்றவர் தலையைச் சொறிந்தார். "நானும் தெறந்து பாத்திருக்கணும். பெயின்ட் அடிச்சாப் போதும்."

மனைவி ஏணிப்படியிலேயே உட்கார்ந்து, ஈரப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேப்டனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாடா என்று இருந்தது. நேரே போய்ப் பக்கத்துப் படகுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"சொட்டுத் தண்ணி இல்ல. காபிக்கு என்ன பண்றது கேப்டன் சார்?" என்றாள் மனைவி.

வாளியை எடுத்துக்கொண்டு காசுக் குழாய்க்குப் போனார். கேட்ட காசைக் கொடுத்தார். அது ஊர்ப் பணத்தில் எவ்வளவு என்று கணக்குப் போடத் தோன்றவே இல்லை. வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"கையெழுத்து ஆயிடுச்சாப்பா? எப்ப வீட்டுக்கு வர்றீங்க?"

கேப்டன் திரும்பிப் பார்த்தார். முட்டுக்கட்டைகளின் மேல் படகு நின்றது. பாய்மரக் கயிற்றில் அவருடைய சட்டைகளும் அவளுடைய புடவையும் காய்ந்துகொண்டிருந்தன.

"வீட்லதாம்மா இருக்கோம்" என்றார். "உங்கம்மா காபி போடப் போறா."